சனிக்கிழமை வந்த கார்டு

சணல் கயிறு உள்ளங்கையை அறுக்கும்போது முதலில் வலிக்காது; தாம்பரம் ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தில் பாதிப் படி ஏறிய பிறகுதான் விரல்கள் மரத்துப்போய், கயிறு பதிந்த இடம் வெளுத்து, பிறகு சிவந்து, கடைசியில் எரிய ஆரம்பிக்கும். கயிற்றின் மறுமுனையில் தொங்குவது பெரும்பாலும் ஒரு டிரான்ஸ்பார்மராக இருக்கும். பார்வைக்கு ஒரு செங்கல் அளவுதான், தூக்குகிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். பள்ளிக்கூடம் போகிற வயதில் மற்ற பெண்களின் கையில் மருதாணி சிவந்திருக்க, என் கையில் சணல் கயிறு சிவந்திருந்தது. இன்றைக்கும் காய்கறிப் பை கொஞ்சம் கனத்தால் அந்த எரிச்சல் உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது, கூடவே ஒரு அலுப்பும்.

அப்பா ஒரு 'ஹாம்'. அரசாங்கத்துப் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, மொட்டை மாடியில் கம்பி இழுத்துக் கட்டி, தானே ஈயம் பற்றவைத்துச் செய்த வயர்லெஸ் பெட்டியில் ஊர் பேர் தெரியாத இன்னொருவரோடு பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு அப்படி ஒரு பெயர். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை, கிழக்குத் தாம்பரத்தில் சொந்த வீடு, அந்த வீட்டின் பின்னறை முழுக்க பெட்டிகள், கம்பிச் சுருள்கள், கண்ணாடி வால்வுகள். அவர் ஒருவரோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மெட்ராஸிலும் சுற்றுவட்டாரத்திலும் அவரைப் போன்றவர்கள் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள், அவர்கள் அத்தனை பேருக்கும் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தை நடத்தும் பொறுப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டதுதான் எங்கள் வீட்டைப் பிடித்த சனி.

அவர் அதற்கு 'மாற்றுச் சந்தை' என்று பெயர் வைத்திருந்தார். எண்பதுகளில் ஒரு நல்ல கண்டன்ஸர் வேண்டும் என்றாலும் அலையாய் அலைய வேண்டும். பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் குப்பையோடு குப்பையாகக் கிடைத்தால் உண்டு. அதனால் ஒருவரிடம் சும்மா கிடப்பதை இன்னொருவரிடம் சும்மா கிடப்பதற்கு மாற்றிக்கொள்ள ஒரு நாள். காசு கூடாது, பொருளுக்குப் பொருள் மட்டும்தான். மேசையில் சாமானை வைத்து, பக்கத்தில் ஒரு சீட்டில் இதற்கு ஈடாக என்ன வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அம்மா மட்டும் அதை 'காயலான் கச்சேரி' என்றே கடைசிவரை சொன்னாள். "கொண்டு போறது ரெண்டு மூட்டை, திரும்பி வர்றது நாலு மூட்டை. இது வீடா, காயலான் கடையா?" என்று அவள் கேட்பதில் தப்பே இல்லை, ஏனென்றால் யாருக்கும் வேண்டாத சாமான்களை எல்லாரும் "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் சார்" என்று சொல்லி எங்கள் தலையில் கட்டிவிட்டுத்தான் போவார்கள்.

நடத்துவது என்றால் லேசா? மண்டபம் பிடிக்க வேண்டும், அந்த ஞாயிறு முகூர்த்த நாளாக இல்லாமல் பார்க்க வேண்டும், ஷாமியானா கடையில் மேசை நாற்காலி சொல்ல வேண்டும், சாம்பார் சாதமும் தயிர் சாதமும் பொட்டலத்துக்குச் சொல்ல வேண்டும், அறுபது பேருக்கு ஒரே ஒரு பிளக் பாயிண்ட் இருக்கும் கூடத்தில் எல்லாரும் செட்டைப் போட்டுப் பார்க்க ஒயர் இழுக்க வேண்டும். காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். வயர்லெஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் அங்கே இருப்பவர் அப்பாவை மேலும் கீழும் பார்ப்பார், அப்பா லைசென்ஸைக் காட்டி, தான் ரயில்வே ஊழியர் என்று சொல்லி, எதற்கும் நாளை வந்து பாருங்கள் என்ற பதிலோடு திரும்புவார். இத்தனையும் செய்தால் மழை வரும். மழை வராவிட்டால் மின்சாரம் போகும். இரண்டும் இல்லாவிட்டால், சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து, கைகழுவியதும் கிளம்புகிற நாலு பேர் கட்டாயம் உண்டு.

கலந்துகொள்ள வருகிறவர்கள் பாடும் சுகமில்லை. பம்மலிலிருந்தும் கேளம்பாக்கத்திலிருந்தும் இருபது கிலோ இரும்பை யார் பஸ்ஸில் ஏற்றுவார்கள்? கண்டக்டர் லக்கேஜ் போடுவார், அல்லது இறக்கிவிடுவார். மின்சார ரயிலில் வந்தால் என்னைப் போல் சணல் கயிறுதான்.

என் வேலை கார்டு எழுதுவது. என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் பதினோரு வயதில் அந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. சந்தைக்கு ஒரு மாதம் முன்பே அறுபது தபால் கார்டுகளில் நாள், நேரம், மண்டபம், எந்த பஸ்ஸில் வந்து எங்கே இறங்க வேண்டும் என்பதை எல்லாம் எழுதிப் போட வேண்டும். பிறகு பதில் கார்டுகள் வரத் தொடங்கும். இந்த இடத்தில் அப்பாவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. வயர்லெஸ்காரர்களுக்குக் கேட்டதைக் குறிக்காமல் விடுவது பெரும் பாவம். எந்த நிலையத்தை எத்தனை மணிக்குக் கேட்டார்கள் என்று நோட்டில் எழுதாமல் தூங்கவே மாட்டார்கள். அந்தப் பழக்கம் கார்டுக்கும் வந்தது. கார்டு வந்தவுடன் மூலையில் சிவப்பு மையில் வந்த கிழமையையும் நேரத்தையும் நான் எழுதி, பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். அப்பா சாவகாசமாக எடுத்துப் படித்து, படித்ததற்கு அடையாளமாக நீலப் பென்சிலால் ஒரு டிக் போடுவார். "வந்த நேரம் போடாம டப்பாவுல போடாதேம்மா" என்பதை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. கடைசியில் என் கை தானாகவே சிவப்புப் பேனாவுக்குப் போகும் அளவுக்குப் பழகிவிட்டது.

எனக்குப் பதினாலு வயதான வருஷத்தில் நடந்த சந்தையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அந்த வருஷச் சந்தைக்காக மற்ற எல்லாரையும்விட அதிகமாகக் காத்திருந்தவர் அருள்தாஸ் சார். கேளம்பாக்கத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர், ஒல்லியான மனிதர், எப்போதும் சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் குத்தியிருக்கும். தினமும் காலை ஆறு மணிக்கு அவர் வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த குரியன் என்பவரோடு மோர்ஸ் தந்திக் கட்டையைத் தட்டிப் பேசுவார். பல வருஷப் பழக்கம். இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. பேசுவதும் பெரிதாக ஒன்றும் இல்லை: இங்கே புழுக்கம், அங்கே பனி, முட்டி வலி எப்படி, டீ குடித்தாயிற்றா. எங்கள் வீட்டுப் பெட்டியிலும் அது கேட்கும். அப்பா காபி குடித்துக்கொண்டே கேட்பார், நானும் பல் துலக்கிக்கொண்டே கேட்டுக் கேட்டு அந்த 'டிட்' 'டா' சத்தத்தை எழுத்தாகப் புரிந்துகொள்ளப் பழகியிருந்தேன். பேச்சை முடிக்கும்போது ஒருவர் இரண்டு புள்ளி தட்டுவார், மற்றவர் பதிலுக்கு இரண்டு புள்ளி தட்டுவார். சரி, போய் வருகிறேன் என்பதற்கு அவ்வளவுதான் அடையாளம்.

எட்டு மாதமாக அது நின்றுபோயிருந்தது. அருள்தாஸ் சாரின் பெட்டியில் அனுப்புகிற பக்கத்துக்கான பெரிய வால்வு, 807 என்று அதற்குப் பெயர், போய்விட்டது. கேட்கிற பக்கம் நன்றாக வேலை செய்தது, அதுதான் கொடுமை. குரியன் காலை ஆறு மணிக்கு மூன்று முறை அவரைக் கூப்பிடுவார், கொஞ்ச நேரம் சும்மா இருப்பார், திரும்ப மூன்று முறை கூப்பிடுவார். இவர் கேளம்பாக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான், வாயைக் கட்டிப் போட்ட மாதிரி. அப்பா இடையில் புகுந்து, அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், வால்வு இன்னும் கிடைக்கவில்லை என்று தந்தியடிப்பார். எங்கள் வீட்டுக்கு வந்து பேசச் சொல்லியும் பார்த்தார். ஆறு மணிக்குள் தாம்பரம் வந்து சேர பஸ் கிடையாது. அதைவிட, "எங் கட்டைய எங் கையால தட்டினாத்தான் சார் எனக்குப் பேசின மாதிரி இருக்கும்" என்று அருள்தாஸ் சார் மறுத்துவிட்டார்.

அந்த மாதக் கடைசியோடு குரியன் ஓய்வுபெற்று, வளைகுடாவில் இருந்த மகனோடு போகப் போகிறார், அங்கே இந்த லைசென்ஸெல்லாம் கிடைக்காது என்று தெரிந்தது. அதே சமயத்தில் பம்மலில் பட்டறை வைத்திருந்த கஜேந்திரன் என்பவரிடம் பெட்டி பிரிக்காத 807 ஒன்று இருப்பதும் தெரிந்தது. அருள்தாஸ் சார் கையால் சுற்றிய ஒரு டிரான்ஸ்பார்மருக்கு ஈடாக, சந்தையில் அதைத் தருவதாகக் கஜேந்திரன் ஒப்புக்கொண்டார். சந்தை அதே மாதத்தின் முதல் ஞாயிறு. ஆக, இருபது இருபத்தைந்து காலைகள் மிஞ்சும். அருள்தாஸ் சாருக்கு அந்தச் சந்தையின் அர்த்தம் அந்தக் காலைகள்தான், வேறெதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேற்குத் தாம்பரத்து மண்டபக்காரர் ஆள் அனுப்பினார். ஊரில் பழைய நிலக்கிழார் குடும்பம், அவசரக் கல்யாணம், மறுக்க முடியவில்லை. அப்பா ஓடிப் போய்க் கேட்டார். "பெரிய எடத்து வெவகாரம் சார், நான் இன்னா பண்றது? உங்க சந்தைய எங்க வேணா வச்சிக்கலாம், தாலிய அப்டிக் கட்ட முடியுமா?" என்று கேட்டாராம். அப்பா அலைந்து திரிந்து, சேலையூர்ப் பக்கம் ஒரு சர்ச்சின் பின்புறக் கூடத்தைக் காலைப் பூசை முடிந்த பிறகு என்று பேசி முடித்தார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எல்லாரும் வயர்லெஸ்ஸில் கூடும் நேரத்தில் இடம் மாறிய விஷயத்தை அப்பா மூன்று முறை அறிவித்தார். "எல்லாருக்கும் கேட்டதா?" என்று கேட்டார். கேட்டது, கேட்டது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நோட்டில் வரிசையாகக் குறித்துக்கொண்டு, "நல்லவேளை, ஏர்ல சொல்லியாச்சு, ஒருத்தரும் விடுபடல" என்று பெருமூச்சு விட்டார். கேட்காதவர் எப்படிக் கேட்கவில்லை என்று சொல்வார்? இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. மறுநாள் சந்தைக்கு வருகிறவர்களில் சிலர் அந்த நேரத்தில் செட்டை எல்லாம் கழற்றிச் சாக்கில் கட்டி வைத்திருப்பார்கள் என்பது, காலம் முழுக்க செட்டோடு வாழ்ந்த அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

அன்று காலையிலிருந்து நான் சைக்கிளில் பேயாய்ச் சுற்றினேன். ஷாமியானா கடைக்குப் போய் மேசைகளை சேலையூருக்கு அனுப்பச் சொல்ல, சாப்பாட்டுக்காரரிடம் புது இடம் சொல்ல, ஒயர்மேனைக் கூப்பிட. பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, தண்ணீர்ச் சொம்பைக் கையில் எடுத்தபோது தபால்காரர் ஒரு கார்டை நீட்டினார். அருள்தாஸ் சார் முந்தின நாள் கேளம்பாக்கத்தில் போட்ட கார்டு, அதிசயமாக மறுநாளே வந்துவிட்டது.

"செட்டு, பவர் சப்ளை எல்லாம் கழற்றி இன்றே சாக்கில் கட்டிவிட்டேன். ஞாயிறு காலை பால் வண்டியில் வந்து மண்டப வாசலில் இறங்கிக்கொள்வேன். வால்வை வேறு யாருக்கும் தர வேண்டாமென்று கஜேந்திரனிடம் சொல்லவும்."

படித்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. அறிவிப்பு அவருக்குக் கேட்டிருக்காது. அவர் பழைய மண்டபத்துக்குத்தான் போவார். அப்பா வீட்டில் இல்லை. வந்ததும் சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும்: மறுபடி சைக்கிளை எடு, மேற்குத் தாம்பரம் போ, மண்டப வாசலில் அட்டை எழுதிக் கட்டு. ரயில்வே கேட்டில் நிற்க வேண்டும், மேட்டில் தள்ள வேண்டும். என் தொடை இரண்டும் கடுத்தது. அறுபது கார்டு, அதற்குப் பதில் கார்டுகள், மேசை, பொட்டலம், ஒயர். சீ, போதும் என்று இருந்தது. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து, கார்டை டப்பாவில் போட்டேன். போடுவதற்கு முன்னால், பழகிய கை, சிவப்புப் பேனாவை எடுத்து மூலையில் 'சனி, 12.10' என்று எழுதியது.

காலையில் சொல்லவில்லை. எழுந்ததிலிருந்து மூட்டை தூக்கிய ஓட்டத்தில் முதலில் மறந்தேன், அதுதான் உண்மை. ஆனால் பத்து மணிக்குக் கஜேந்திரன் அந்த வால்வைப் பஞ்சு சுற்றி மேசையில் வைத்து, பக்கத்துச் சீட்டில் அருள்தாஸ் சாரின் பெயரை எழுதியபோது நினைவு வந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற பயம் வந்து, அவரே எப்படியாவது விசாரித்து வந்துவிடுவார் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அவரோ சாக்கு மூட்டையை விட்டுவிட்டும் போக முடியாது, தூக்கிக்கொண்டும் போக முடியாது என்பதை நினைத்துப் பார்க்க எனக்கு மனமில்லை.

சந்தைக்கு அப்பா வைத்த சட்டம் ஒன்று உண்டு. முந்தின வருஷங்களில் வராதவர்களுக்காகச் சாமானை ஒதுக்கி வைத்து, சண்டை வந்து, சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போனதால், மூன்று மணிக்கு அவர் ஒரு ரயில்வே விசிலை ஊதுவார். ரயில் கிளம்பக் கடைசிப் பெட்டிக் கார்டு ஊதுகிற அதே விசில். அதன் பிறகு வராதவர் பெயரில் எதுவும் நிற்காது, யார் முதலில் கேட்கிறாரோ அவருக்கு. அன்று மூன்று மணிக்கு அப்பா விசிலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். "ஏர்ல கேட்டிருப்பாரே, ஏன் வரல?" என்று என்னிடம் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் போனது, பத்து நிமிஷம் போனது. ஆவடியிலிருந்து வந்த ஒருவர் கத்தினார், "சார், சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தானே? எனக்கு ரயிலுக்கு நேரமாவுது!" அப்பா ஊதினார். கீழ்க்கட்டளையிலிருந்து வந்திருந்த ஒரு கல்லூரி மாணவன் ஒரு மீட்டரைக் கொடுத்து அந்த வால்வை வாங்கிக்கொண்டு, சந்தோஷமாகச் சட்டைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு போனான். அவன்மேல் என்ன தப்பு.

அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "அப்பா, ஒருவேளை அவர் செட்டைக் கழட்டிக் கட்டி வச்சிருந்தா?" என்றேன், அப்போதுதான் தோன்றிய மாதிரி. அப்பா ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயையோ, எம் புத்தி ஏன் இப்படிப் போச்சு!"

ஸ்கூட்டரில் மேற்குத் தாம்பரம் போனோம். மண்டபத்து வாசலில் வாழை மரம், பந்தலில் காலியான நாற்காலிகள். மூலையில் மைக் செட்காரரின் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அருள்தாஸ் சார் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் சந்தனம், மடியில் தாம்பூலப் பை, காலடியில் சாக்கு மூட்டை. எங்களைப் பார்த்ததும் எழுந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "சார், இங்க சந்தை இல்லையாமே?" என்று மட்டும் கேட்டார்.

நடந்ததை மைக் செட்காரர்தான் சொன்னார். "காலைல தாலி கட்ற நேரத்துல ஆம்ப்ளிஃபயர் புட்டுகிச்சு சார். நாதஸ்வரம் வாசிச்சுகினு கீறாங்க, ஹார்ன்ல சத்தமே இல்ல. ஒரே பேஜாராப் பூடுச்சு. இவரு ஸ்க்ரூடிரைவரும் மூட்டையுமா வாசல்ல நின்னுகினு இருந்தாரு, நம்ம லைன் ஆளுதான்னு இட்டுகினு வந்துட்டேன். அஞ்சே நிமிசம் சார்! எம் மானத்தக் காப்பாத்திட்டாரு." அவரைப் பந்தியில் உட்காரவைத்துச் சாப்பிட வைத்திருக்கிறார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு மனிதர் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு மனிதர் என்றும் நினைத்துக்கொண்டார்களாம். அவர் சந்தை எப்போது தொடங்கும் என்று காலையிலிருந்து ஒவ்வொருவரையாகக் கேட்டிருக்கிறார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு வால்வு போய்விட்டதைச் சொன்னார்.  அருள்தாஸ் சார் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். முகம் சுருங்கிப்போனது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல் இருந்தது. மைக் செட்காரர்தான், "இன்னா வால்வு சார்? எட்டு நூத்தி ஏழா? நம்ம ஆம்ப்ளிஃபயர்ல ஓடறதே அதானே!" என்று கேட்டுவிட்டு, தன் தகரப் பெட்டியைக் குடைந்து, கழுத்து கறுத்துப்போன ஒரு பழைய வால்வை எடுத்துக் கொடுத்தார். ஓடித் தேய்ந்தது, எத்தனை நாள் உழைக்கும் என்று தெரியாது என்று சொல்லித்தான் கொடுத்தார். அருள்தாஸ் சார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மூட்டையை மைக் செட்காரரின் டெம்போவில் ஏற்றும்போது என் பக்கம் திரும்பி, "பாப்பா, எங் கார்டு வந்துதா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன்.

"அதான பாத்தேன். வெள்ளிக்கிழமைதான போட்டேன். நாளைக்கு வரும்" என்று எனக்காக அவரே ஒரு காரணம் சொன்னார். அப்பா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் தபாலில் அந்தக் கார்டு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை, எப்படி வரும்? அப்பா கேட்பார் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். அவர் கேட்கவில்லை. அந்த வாரக் கடைசியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அடுத்த வருஷத்துலேருந்து கார்டு வேலைய நானே பாத்துக்கறேம்மா. உனக்குப் பரீட்சை இருக்கு, பாவம், நெறைய வேலை வாங்கிட்டேன்" என்றார். அப்பாடா, தப்பித்தோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பழைய வால்வு ஒன்பது காலைகள் உழைத்தது. செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு குரியன் வழக்கம்போல் மூன்று முறை கூப்பிட, கேளம்பாக்கத்திலிருந்து பதில் போனது. குரியன் தாறுமாறாக, தப்பும் தவறுமாகத் தட்டினார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்தாவது நாள், முட்டி வலிக்குக் குரியன் சொன்ன தைலத்தைப் பற்றி அருள்தாஸ் சார் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தபோது பாதிச் சொல்லில் நின்றுபோனது. குரியன் இரண்டு மூன்று முறை கேள்விக்குறி அனுப்பிப் பார்த்தார், பிறகு புரிந்துகொண்டார். மிச்சமிருந்த காலைகளில் அவர் மட்டுமே பேசினார், பதில் வராது என்று தெரிந்தும் ஆறு மணி தவறாமல். கஜேந்திரனின் புது வால்வு என்றால் ஒரு வருஷம் ஓடியிருக்கும்.

கடைசிக் காலையில் குரியன் அனுப்பியதை நான் என் காதாலேயே கேட்டேன். கம்பியை இறக்கப் போகிறேன். தைலத்தை ராத்திரி தடவுங்கள், காலையில் தடவினால் பிரயோஜனமில்லை. அவ்வளவுதான். பிறகு இரண்டு புள்ளி. பதில் புள்ளிகளுக்காக அவர் ரொம்ப நேரம் பெட்டியைத் திறந்தே வைத்திருந்தார் போலும், வேறு யாரும் அந்த அலைவரிசையில் பேசவில்லை. அப்பா தன் கட்டைமேல் கையை வைத்தார், பிறகு எடுத்துவிட்டார். "அது அவங்க ரெண்டு பேருக்குள்ள" என்றார். நான் குளியலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதன் பிறகு நாலைந்து வருஷம் அப்பா தனியாகவே கார்டு எழுதினார். வருகிறவர்கள் குறைந்தார்கள், வால்வுகள் போய், கடையில் வாங்கும் கையளவுப் பெட்டிகள் வந்தன, மாற்றிக்கொள்ள யாரிடமும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஒரு வருஷம் பதினொரு பேர் வந்தார்கள், பொட்டலம் முப்பது மிஞ்சியது. அடுத்த வருஷம் அப்பா மண்டபம் பிடிக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. அருள்தாஸ் சார் மாற்றலாகிப் போனார், தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் கார்டு வந்துகொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. அவரிடம் நான் எதையும் சொல்லவே இல்லை.

போன மாதம் கிழக்குத் தாம்பரத்து வீட்டை அடுக்குமாடி கட்டுபவரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்ததால் பின்னறையைக் காலி செய்தேன். அப்பா இப்போது என்னோடு கீழ்க்கட்டளையில் இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டார், காது சுத்தமாகப் போய்விட்டது. மேற்குத் தாம்பரத்து மண்டபம் இருந்த இடத்தில் நாலு மாடித் துணிக்கடை. ரயில்வே கேட் இல்லை. கல்யாணங்களில் அந்தக் கூம்பு ஹார்ன்கள் இல்லை. தபால்காரரை நான் பார்த்தே வெகு காலம் ஆகிறது. பிஸ்கட் டப்பா மட்டும், பிடிவாதமாக, மூடி துருப்பிடித்து அதே அலமாரியில் இருந்தது. கைகால் ஓய்ந்துபோய்த் தரையில் உட்கார்ந்து அதைத் திறந்தேன்.

அந்தக் கார்டு நான் போட்ட இடத்திலேயே இருந்தது. மூலையில் என் குண்டு எழுத்து, 'சனி, 12.10'. சிவப்பு மை மங்கிப் பழுப்பாகியிருந்தது. அதற்குப் பக்கத்தில் நீலப் பென்சிலால் ஒரு டிக்.

டப்பாவோடு கீழ்க்கட்டளைக்கு வந்தேன். அப்பா பால்கனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "என்னம்மா அது?" என்றார். பழைய கார்டு என்று இரண்டு முறை கத்தினேன். டப்பாவை எட்டிப் பார்க்கக்கூட இல்லை. "எல்லாம் படிச்சதுதான். டிக் போட்டிருப்பேனே. காயலான் கடைக்காரன் வந்தா போட்டுடு" என்றார்.

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "அருள்தாஸ் சார் கார்டு சனிக்கிழமையே வந்துடுச்சுப்பா" என்று சொன்னேன். இந்த முறை கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன், அவருக்குக் கேட்டிருக்க வழியே இல்லை. அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, நாற்காலியின் கைப்பிடியில் அவருடைய ஆள்காட்டி விரல் இரண்டு முறை தட்டியது.